கச்சேரி மொழியும் வீட்டு மொழியும்

பட்டா, சிட்டா, பசலி, ஜமாபந்தி, கிஸ்தி, சிரஸ்தார், தாசில்தார். உடுமலைப்பேட்டை வட்டத்தில் ஒரே ஒரு ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருக்கும் விவசாயிக்கும் இச்சொற்கள் மனப்பாடம். இவற்றுள் எதுவும் அவர் வீட்டில் பிறந்த சொல் அன்று. இந்த வரிசையில் தமிழென்று நாம் உரிமை கொண்டாடக்கூடியது 'அடங்கல்' ஒன்றுதான். ஏனையவை பாரசீகம், அரபி, மராத்தி என்று பல வழிகளில் வந்து வருவாய்த்துறைக் கட்டுகளில் குடியேறியவை. மொழித்தூய்மை பேசுவோர் இச்சொற்களைக் கண்டு வருந்துவது வழக்கம். நாம் அவற்றை வேறு விதமாகப் படிக்க விரும்புகிறோம். ஒரு காலத்தில் இந்தச் சீமையில் உத்தியோகம் பெற எந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அவை சாட்சிகள்.

ஆங்கிலம் வந்துதான் தமிழ் மட்டும் அறிந்தவனை வேலைவாய்ப்பிலிருந்து விலக்கிற்று என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு. அது பாதி உண்மை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்து கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியார் கைக்கு வந்தபோது, ஊர்க்கணக்கு தமிழில்தான் இருந்தது. அதை எழுதியவர் கணக்குப்பிள்ளை. ஆனால் அக்கணக்கு ஊரைத் தாண்டி மேலே போகப்போக மொழி மாறியது. மதராஸ் மாகாணத்தின் தமிழ் மாவட்டங்கள் பலவற்றில் கலெக்டர் கச்சேரியின் கணக்கு மொழி மராத்தி. அம்மொழியை அறிந்த தேசஸ்தப் பிராமணக் குடும்பங்களே கச்சேரி வேலைகளில் பெரும்பாலும் அமர்ந்திருந்தன. மராத்தி இங்கே எந்தக் குடியானவனின் மொழியும் அன்று. கலெக்டரின் மொழியும் அன்று. இருவருக்கும் இடையில் நின்றவரின் மொழி.

படிப்பே இல்லாத நாட்டில் வேற்றுமொழி அறிந்தவர் வேலைக்கு வருவது இயல்புதானே என்று கேட்கலாம். 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ உள்நாட்டுக் கல்வி குறித்து மாவட்டந்தோறும் அறிக்கை கேட்டபோது, கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் தம் மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கனுப்பினார். அந்தத் திண்ணைகளில் எழுத்தும் எண்ணும் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் படித்த மொழிக்குக் கச்சேரியில் நாற்காலி இல்லை, அவ்வளவே. இடையில் நிற்பவரின் கையில் எவ்வளவு அதிகாரம் சேரும் என்பதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இம்மாவட்டம் கண்டிருந்தது. மாவட்டக் கருவூலத்தை வைத்திருந்த காசி செட்டியின் மோசடிகளை 1816இல் மன்றோவும் சல்லிவனும் சேர்ந்துதான் விசாரித்தார்கள்.

இந்த மராத்தி நாற்காலியில்தான் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவர். வேலை தேடுபவனைப் பொறுத்தவரை அதைவிடக் கனமானது கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு 1844 அக்டோபர் 10ஆம் நாள் பிறப்பித்த தீர்மானம் என்பது நம் கருத்து. அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும்போது புதிய கல்விமுறையில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்றது அது. வங்காளத்தை முன்னிட்டுப் பிறந்த ஆணைதான். ஆயினும் அதன் வழக்கம் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. மெக்காலே சொன்னது எதைப் படிக்க வேண்டும் என்பதை. ஹார்டிஞ்சு சொன்னது படித்தால் என்ன கிடைக்கும் என்பதை. கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியின் மூலமான பள்ளி 1852இல் தொடங்கியபோது பெற்றோருக்கு இரண்டாவது செய்தி நன்றாகவே எட்டியிருந்தது. 'இங்கிலீஷ் படிப்பு' என்ற சொல்லுக்கு 'உத்தியோகப் படிப்பு' என்று பொருள் ஏற்பட்டது இப்படித்தான்.

இதுவரை சொன்னது தமிழகம் முழுமைக்கும் ஏறக்குறையப் பொருந்தும். கொங்கு நாட்டுக்கே உரிய கதை இதற்குப் பின் வருகிறது. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பதனால் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழை அறிவுத்துறை மொழியாக்கும் முயற்சியின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எடுத்துக்கொண்டால், அதன் தலையாய பெயர்களுள் நான்கு இந்த வட்டாரத்திலிருந்து வந்தவை. திருப்பூரில் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக நிலைநிறுத்தியவர். அவர் 1946இல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் பத்துத் தொகுதிகள் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. 1954இல் முதல் தொகுதி, 1968இல் கடைசித் தொகுதி. அதன் முதன்மை ஆசிரியர் ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியம் 1952 முதல் 1962 வரை மாநில அமைச்சராக இருந்து கல்வித்துறையையும் கவனித்தவர். நான்காமவர் ஜி.ஆர். தாமோதரன். 1951இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பொறியியல் கல்லூரியை ஆங்கிலத்தில் நடத்திக்கொண்டே 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் நடத்தியவர்.

தாமோதரனின் வீட்டு மொழி தெலுங்கு. இதை ஒரு பக்கக் குறிப்பாக மட்டும் ஒதுக்கிவிட முடியவில்லை. உடுமலை, பொள்ளாச்சி, கோவைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் குடும்பங்கள் ஏராளம். 'தாய்மொழி' என்ற சொல்லை இங்கே உணர்ச்சிவசமாகப் பயன்படுத்துவோர் இதை மறந்துவிடுகிறார்கள். சந்தையிலும் ஆலையிலும் இவர்கள் அனைவருக்கும் பொதுவான மொழி தமிழ். தமிழ்வழிக் கல்விக்கான வழக்கு இங்கே அந்தப் பொதுமையின் மேல் நின்றது. அதுவே அதன் வலிமை.

சரி, இத்தனை பேர் இவ்வளவு செய்தும் வேலைச்சந்தையில் தமிழ் ஏன் விலைபோகவில்லை?

விடை 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழே மாநிலத்தின் ஆட்சிமொழி என்றது அச்சட்டம். அரசு அறிவிக்கை செய்யும் வரை ஆங்கிலமும் தொடரலாம் என்றது. கோப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது அதன் கவலை. அந்தக் கோப்பை எழுத யாரை எடுக்க வேண்டும் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆட்சிச்சொல் அகராதி வந்தது, முத்திரைகள் மாறின, ஆணைகள் தமிழாயின. இவை சிறிய காரியங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். மனு எழுத இன்னொருவரை நாடாமல் தாலுகா ஆபீசுக்குப் போகும் துணிவு அவற்றால் வந்தது. ஆனால் தேர்வாணையத் தேர்வைத் தமிழில் எழுத இடம் கிடைத்ததே தவிர, தமிழில் படித்ததற்கென்று வேலையில் ஒரு மதிப்பும் கிடைக்கவில்லை. தொகுதி 4 தேர்வில் நெடுங்காலம் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று விருப்பம் கொடுத்திருந்தார்கள். தட்டச்சர் பதவிக்கான தகுதி விதியோ இந்த இரட்டை நிலையின் சின்னம். தமிழிலும் ஆங்கிலத்திலும் 'ஹையர்' முடித்தவர் முதலில், ஒன்றில் ஹையரும் மற்றதில் 'லோயரும்' முடித்தவர் பிறகு. உடுமலையில் வளர்ந்த எங்களில் பலரும் பத்தாம் வகுப்பு விடுமுறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பப்பட்டவர்களே. அதிகாலை வகுப்பில் முதலில் இங்கிலீஷ் மிஷின், பிறகுதான் தமிழ் மிஷின். ஏன் இந்த வரிசை என்று எவரும் கேட்டதில்லை.

1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பைத் தமிழ்வழியில் சோதனையாகத் தொடங்கினார் சுப்பிரமணியம். 1852இல் ஆங்கிலத்துக்காகப் பிறந்த அதே நிறுவனத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். பாடநூல்கள் எழுதப்பட்டன, மொழிபெயர்க்கப்பட்டன, பின்னாளில் தமிழ்வழி மாணவர்க்கு ஊக்கத்தொகையும் வந்தது. ஊக்கத்தொகை படிக்கும் மூன்றாண்டுகளுக்கு. அதற்குப் பிந்தைய முப்பதாண்டுகளுக்கு என்ன என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்களைத் தமிழ்ப்பற்று இல்லாதவர்கள் என்று மேடைகளில் திட்டியது எளிதாக இருந்தது. அவர்கள் ஹார்டிஞ்சின் தீர்மானத்தைச் சரியாகப் படித்தவர்கள் என்பதே நம் எண்ணம்.

இதன் கூர்மையான முனை 1965இல் தெரிந்தது. மத்திய அரசின் வேலைத்தேர்வுகளுக்கு இந்தி ஒன்றே மொழியாகிவிடும் என்ற அச்சம் மாணவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார் சுப்பிரமணியம். மறுநாள், அவர் ஊருக்கு அடுத்த பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. உடுமலையிலிருந்து பொள்ளாச்சி ஒரு மணிக்கும் குறைந்த பயணம். அந்த நாளின் நினைவு இப்பக்கத்துப் பெரியவர்களிடம் நெடுநாள் இருந்தது. போராட்டத்தின் உணர்ச்சி தமிழுக்கானது. அதில் ஐயமில்லை. ஆனால் வேலைவாய்ப்பு என்ற தளத்தில் அது காத்துத் தந்தது ஆங்கிலத்தை. இதை முரண்பாடென்று எள்ளுவோர், அன்றைய மாணவன் முன் இருந்த தேர்வுத்தாளில் தமிழ் என்ற மூன்றாம் விருப்பமே இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி குடிமைப் பணித் தேர்வைத் தமிழில் எழுத 1979இல்தான் வழி பிறந்தது. இன்றும் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது.

சட்டம் கோப்போடு நின்றுவிடாமல் ஊழியரின் சம்பளப் பட்டியல் வரை நீண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் சட்டம் வந்த அதே 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961இல் கருவூலத்தின் சுற்றறிக்கை ஒன்று சிங்களத் தேர்வில் தேறாத ஊழியருக்கு ஊதிய உயர்வு இல்லை என்றது. கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுத்தர் தேர்வெழுத மறுத்தார். 1962இல் அவருடைய ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் தொடுத்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, உச்ச நீதிமன்றத்தில் தோற்று, 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. சம்பளத்துக்காக அரசு ஊழியர் வழக்குத் தொடரலாம் என்று அங்கே தீர்ந்தது. சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வி மட்டும் இலங்கைக்கே திரும்பியது. பெரும்பான்மையின் மொழி வேலைக்குள் நுழைவது எல்லாவிடத்தும் நீதியாகிவிடாது. இதற்கு எதிர்ப்புறத்தில் கனடாவின் கியூபெக் மாகாணம். அங்கே பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையினர். ஆயினும் முதலாளி ஆங்கிலம், மேலாளர் ஆங்கிலம். 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம் தனியார் நிறுவனங்களின் வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. வேலையின் தன்மைக்குத் தேவை என்று காட்ட முடியாதபோது, பிரெஞ்சு தவிர இன்னொரு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாகாது என்றது. தமிழ்நாட்டில் அப்படியொரு வரி எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதினால் கோவைக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

ஏனெனில் கோவையின் முதலாளி ஆங்கிலேயன் அல்லன். இங்கே நிலைமை விசித்திரமானது. 1920இல் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழனிக்குத் தம் முதல் பேருந்தை ஓட்டிய ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அவர் கற்றது பட்டறையில். அவர் வழியில் வந்த பம்ப்செட், வார்ப்பட, கிரைண்டர் தொழில்களின் அதிபர்களில் பலரும் லேத்தின் முன் நின்று தொடங்கியவர்கள். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த ஷரத் சாரி, அங்கே உரிமையாளரானவர்களில் பெரும்பகுதியினர் உழவிலிருந்து வந்து தொழிலாளியாக இருந்து உயர்ந்த கவுண்டர்கள் என்று 2004இல் வெளியான தம் நூலில் காட்டினார். அவர்கள் தம் வெற்றிக்குச் சொல்லும் காரணம் உழைப்பு. படிப்பு என்றோ ஆங்கிலம் என்றோ அவர்கள் சொல்வதில்லை. இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா ஆங்கிலம் இல்லாமல் முன்னேறலாம் என்று முழங்குவோர் உண்டு. முழங்கட்டும். ஆனால் அதே முதலாளி வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்ன கேட்கிறார்? 1980களில் ஏற்றுமதி பெருகியதும் வெளிநாட்டு வாங்குநருடன் கடிதம் எழுதவும் பேசவும் 'மெர்ச்சண்டைசர்' என்ற புதிய உத்தியோகம் பிறந்தது. உடுமலையிலிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூருக்குப் பஸ் ஏறும் பட்டதாரிக்கு எட்டக்கூடிய வெள்ளைச்சட்டை வேலை அதுதான். அதன் முதல் தகுதி ஆங்கிலம். துணியை அறிந்த கட்டிங் மாஸ்டர் கட்டிங் மாஸ்டராகவே ஓய்வு பெறுவார். துணியை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மெர்ச்சண்டைசர் ஐந்தாண்டில் மேலாளர் ஆவார். ஆக, கொங்கு நாட்டில் சொந்தமாக்கிக்கொள்ள ஆங்கிலம் வேண்டியதில்லை. சம்பளத்துக்குப் போக வேண்டுமானால் வேண்டும். நிலமோ, சாதிக்காரர் கடனோ, மாமன் வீட்டு முதலோ உள்ளவருக்கு முதல் வழி. அவை எதுவும் இல்லாதவருக்கு இரண்டாவது வழிதான் உண்டு. ஆங்கிலம் வேண்டாம் என்ற அறிவுரை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறிவிடுகிறது. இக்காரணத்தாலேயே தலித் இயக்கங்களில் ஆங்கிலக் கல்வியை உரிமையாகக் கேட்கும் குரல் வலுத்து ஒலிக்கிறது.

உடுமலை வட்டத்துக்குள்ளேயே இன்னொரு விடையும் கட்டப்பட்டிருக்கிறது. 1957இல் முடிந்த அமராவதி அணையின் அருகே, அமராவதி நகரில், 1962 ஜூலை 16 அன்று சைனிக் பள்ளி தொடங்கியது. படை அதிகாரிப் பதவிகளுக்குச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் வர வேண்டும் என்பது இப்பள்ளிகளின் நோக்கம். தேர்வின் மொழியை மாற்றுவதற்குப் பதிலாகப் பையனை மாற்றுவது என்று இதைச் சொல்லலாம். ஊர்ப்புறத்துச் சிறுவனைப் பத்துப் பதினோரு வயதில் விடுதிக்கு எடுத்து, ஆங்கிலத்தில் உண்ண, உறங்க, கனவு காணப் பழக்கி, தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வுக்கு அனுப்புவது. அத்தேர்வின் பொதுத்திறன் தாளில் 600 மதிப்பெண்ணில் 200 ஆங்கிலத்துக்கு. இம்முறை சிலருக்கு உண்மையிலேயே கதவைத் திறந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. இன்று சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வில் ஆறாம் வகுப்புக்குத் தமிழில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டுமே. பதினோரு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் நடுவில் தமிழ் இறங்கிக்கொள்ள வேண்டிய நிறுத்தம் இருக்கிறது.

ஹார்டிஞ்சின் தீர்மானத்துக்கு மறுமொழி என்று சொல்லத்தக்க சட்டம் தமிழ்நாட்டில் 2010இல்தான் வந்தது. தமிழ்வழியில் படித்தவர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை. அதே கல்வியாண்டில் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. அவிநாசிலிங்கத்தின் அமைச்சர் பதவிக்கும் இதற்கும் இடையே அறுபதாண்டுகளுக்கு மேல் இடைவெளி. கல்வியையும் வேலையையும் ஒரே சட்டத்தில் கட்ட இவ்வளவு காலம் பிடித்ததுதான் நம் மொழி அரசியலின் பெரிய குறை என்று கருதுகிறோம். வந்த பிறகும் நிலை கொள்ளவில்லை. 2012-13இல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. தனியார் பள்ளிக்குப் போகும் கூட்டத்தைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை. பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியில் முடித்துவிட்டு முன்னுரிமை கேட்பவர்கள் பெருகியதால், 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. பணிக்கு உரிய கல்வித்தகுதி வரையில் பள்ளிக் காலம் தொட்டே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றாயிற்று. 2021இல் தமிழ்த் தாள் எல்லாப் போட்டித் தேர்வுகளுக்கும் கட்டாயமானது. 40 விழுக்காடு பெறாவிட்டால் மற்றத் தாள்கள் திருத்தப்படா. பொது ஆங்கிலம் என்ற பழைய விருப்பம் போயிற்று. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பொறியியலை நிறுத்தப்போவதாக அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. அப்பாடங்களைப் படித்தவரை வேலைக்கு எடுக்கத் தனியார் நிறுவனம் எதையும் எந்தச் சட்டமும் கேட்டுக்கொள்ளவில்லை.

2020 திருத்தத்துக்குப் பின் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. தேர்வில் தேறிய முப்பது வயதுக்காரர் ஒருவர் தாம் படித்த தொடக்கப்பள்ளிக்குத் திரும்பி வருகிறார். கையில் பி.எஸ்.டி.எம். சான்றிதழ்ப் படிவம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்தார் என்று தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தருகிறார். அடுத்த அறையில் ஆங்கிலவழிப் பிரிவின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இருபதாண்டுகள் கழித்து அவர்களுள் ஒருவர் இப்படிவத்தோடு வந்தால், அதே பதிவேட்டைப் பார்த்து அன்றைய தலைமையாசிரியர் கையெழுத்திட மறுப்பார்.